பழைய டிஜிட்டல் மல்டிட்ராக் ரெக்கார்டர்: அறிகுறியிலிருந்து பழுதுக்கு

திரையில் ‘இனிஷியலைஸ்?’ அல்லது ‘ஃபார்மட்?’ என்று கேட்டால் ‘இல்லை’ என்று பதில் சொல்லுங்கள். இந்த வழிமுறையில் வேறு எதையும் படிக்க நேரமில்லாதவர்கள் இதை மட்டுமாவது மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். டிஸ்க்கைப் படிக்க முடியாதபோதெல்லாம் இந்தக் கருவிகள் அதே கேள்வியைத்தான் கேட்கின்றன. கேபிள் தளர்ந்திருந்தாலும், மின்னழுத்தம் குறைந்திருந்தாலும், டிஸ்க் உண்மையிலேயே காலியாக இருந்தாலும் கேள்வி ஒன்றுதான். பதற்றத்தில் ‘ஆம்’ என்று அழுத்தியதால் போன பாட்டுகளே, டிஸ்க் கெட்டதால் போனவற்றைவிட அதிகமாக இருக்கும் என்று நான் நம்புகிறேன்.

இங்கே பேசுவது பல ஒலிகளைத் தனித்தனி ட்ராக்குகளாகப் பதியும், 1990களின் நடுப்பகுதியிலிருந்து வந்த, வீட்டு ஸ்டுடியோக்களில் இன்னும் உழைத்துக்கொண்டிருக்கும் ஹார்ட் டிஸ்க் ரெக்கார்டர்களையும் மெமரி கார்டு ரெக்கார்டர்களையும் பற்றி. ரோலண்ட் விஎஸ், யமஹா ஏடபிள்யூ, கோர்க் டி, ஃபாஸ்டெக்ஸ் விஎஃப், அகாய் டிபிஎஸ் போன்ற வரிசைகள் இதில் அடங்கும். அவற்றுக்கு முந்தைய டேப் கருவிகளுக்குத் தனிப் பகுதி உண்டு.

எதையும் திறப்பதற்கு முன்

கருவி ஓரளவாவது ஓடுகிறது, டிஸ்க்கிலிருந்து விபரீதமான சத்தம் எதுவும் வரவில்லை என்றால், முதல் வேலை பழுது பார்ப்பதன்று, பாட்டுகளை வெளியே எடுப்பது. வேவ் கோப்புகளாக யுஎஸ்பி வழியே ஏற்றுமதி செய்யும் வசதி இருந்தால் எவ்வளவு மெதுவாக இருந்தாலும் அதையே பயன்படுத்துங்கள். அந்த வசதி இல்லாதவற்றில் பெரும்பாலும் எஸ்பிடிஐஎஃப் டிஜிட்டல் வெளியீடு இருக்கும். அது ஒரு நேரத்தில் இரண்டு ட்ராக் மட்டுமே தரும்.

இரண்டிரண்டாக எடுத்தவற்றைக் கணினியில் பிறகு எப்படி ஒன்றோடொன்று பொருத்துவது என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். ரெக்கார்டரின் கிளாக்கை, அதாவது டிஜிட்டல் ஒலிக்கு வேகம் வகுக்கும் துடிப்பை, உள் கிளாக்காக வையுங்கள். ஒலியைக் கணினிக்குள் கொண்டுவரும் ஆடியோ இன்டர்ஃபேஸ் எஸ்பிடிஐஎஃப் வழியே வரும் கிளாக்கைப் பின்பற்றட்டும். பிறகு ஒவ்வொரு சுற்றிலும் இடது பக்கத்தில் ஒரே ட்ராக்கையும், வலது பக்கத்தில் புதிய ட்ராக்கையும் அனுப்புங்கள். இடது பக்கத்துக்கு டிரம்ஸ் போல அடி தெளிவாகக் கேட்கும் ட்ராக் நல்லது. எல்லாச் சுற்றுகளும் முடிந்ததும், இடது பக்க அலைகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துச் சாம்பிள் (டிஜிட்டல் ஒலியின் மிகச் சிறிய துண்டு) அளவுக்குப் பொருத்தினால் வலது பக்கங்கள் தாமாகவே பொருந்திவிடும். இந்த முறையில் 8 ட்ராக் பாட்டுக்கு 7 சுற்று வேண்டும். நேரம் அதிகமாகும், ஆனால் தள்ளாடும் டிஸ்க்கின் மேல் எதையும் புதிதாக எழுத வேண்டியதில்லை. அடையாளத்துக்காக ஒவ்வொரு ட்ராக்கின் தொடக்கத்திலும் ஒரு ‘டிக்’கைப் பதிவு செய்யும் பழக்கம் சிலருக்கு உண்டு. நலிந்த டிஸ்க்கில் அதைச் செய்யாதீர்கள்.

எடுக்கும்போது ஈக்யூ, கம்ப்ரசர், ரிவெர்ப் அனைத்தையும் அணைத்துவிடுங்கள். ட்ராக் ஃபேடரும் மாஸ்டர் ஃபேடரும் 0 டெசிபலில் இருக்கட்டும். பேன் முழு இடது, முழு வலது.

அறிகுறி: பவர் வரவில்லை, அல்லது பல முறை முயன்றால்தான் வருகிறது

வெளி அடாப்டர் உள்ள கருவி என்றால் அடாப்டரின் மேலும் கருவியின் பின்புறமும் அச்சிட்டிருப்பதை ஒப்பிடுங்கள். வோல்ட், ஆம்பியர், ஏசியா டிசியா, நடு முனை பாசிட்டிவா நெகட்டிவா என்று நான்கும் பொருந்த வேண்டும் (அடாப்டரின் ஆம்பியர் மட்டும் அதிகமாக இருக்கலாம், குறையக் கூடாது). முனை உள்ளே நுழைகிறது என்பதால் அது சரியான அடாப்டர் ஆகிவிடாது. மல்டிமீட்டரில் சரியான வோல்ட் காட்டும் அடாப்டர், கருவியைச் செருகியதும் சரிந்துவிடலாம். எனவே சுமையோடு அளந்து பாருங்கள். செருகிய முனையை லேசாக அசைக்கும்போது கருவி அணைந்து எரிந்தால், உள்ளே பவர் ஜாக்கின் சால்டர் வெடித்திருக்கிறது. மீண்டும் சால்டர் வைத்தால் போதும்.

பவர் சப்ளை உள்ளேயே இருக்கும் கருவிகளில் குற்றவாளி பெரும்பாலும் எலெக்ட்ரோலைட்டிக் மின்தேக்கிதான். வயதாக வயதாக அதன் உள்தடை ஏறும். குளிர்ந்த நிலையில் கருவி எழாது, பலமுறை ஸ்விட்சைப் போட்டுச் சூடேறிய பிறகு எழும். தலை உப்பிய மின்தேக்கி, அடியில் பழுப்புக் கசிவு, சூடாகும்போது மீன் நாற்றம் ஆகியவை தெளிவான சாட்சிகள். மாற்றும்போது 105 டிகிரி செல்சியஸ் தாங்கும், உள்தடை குறைந்த ரகமாக வாங்குங்கள்.

ஓர் எச்சரிக்கை. 230 வோல்ட் மின்சாரத்தில் இயங்கும் ஸ்விட்சிங் பவர் சப்ளையின் முதன்மை மின்தேக்கியில் சுமார் 325 வோல்ட் தேங்கி நிற்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் சில நேரம் அது அப்படியே இருக்கும். அதைப் பாதுகாப்பாக வடிக்கத் தெரியாதவர்கள் இந்தப் பலகையைத் தொட வேண்டாம். அந்த ஒரு பலகையை மட்டும் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

அறிகுறி: எழுகிறது, ஆனால் டிஸ்க்கைக் காணவில்லை என்கிறது

முதலில் காதைக் கொடுங்கள். பவர் போட்டதும் ஹார்ட் டிஸ்க் மெல்ல வேகமெடுத்துச் சுழலும் ஓசை வர வேண்டும். ஓசையே இல்லை என்றால் மின்சாரமோ கேபிளோ போயிருக்கலாம், டிஸ்க்கின் மோட்டாரும் இறுகியிருக்கலாம். சுழன்றுவிட்டு ‘டக்... டக்... டக்’ என்று ஒரே தாளத்தில் தட்டினால், அதன் ஹெட் தன் இடத்தைத் தேடிக் கண்டுபிடிக்க முடியாமல் திரும்புகிறது. அந்தச் சத்தம் கேட்டதும் பவரை நிறுத்துங்கள். ஒவ்வொரு தட்டலும் உள்ளே சுழலும் தகட்டின் மேற்பரப்பைச் சுரண்டக்கூடும். அதற்குள் ஈடு செய்ய முடியாத பாட்டு இருந்தால் தரவு மீட்பு நிலையத்துக்கு எடுத்துச் செல்வதுதான் வழி. ஃப்ரீசரில் வைப்பது, மேசையில் தட்டுவது போன்ற வைத்தியங்கள் வேண்டவே வேண்டாம்.

கழற்றி மாற்றக்கூடிய டிஸ்க் போடும் ஸிப் டிரைவில் பதியும் கருவியானால் அங்கே கேட்கும் தட்டல் இன்னும் ஆபத்தானது. கெட்ட டிரைவ் நல்ல டிஸ்க்கைக் கெடுக்கும், கெட்ட டிஸ்க் இன்னொரு நல்ல டிரைவையும் கெடுக்கும். இது தொற்று நோய் போலவே பரவுகிறது. ‘வேறு டிஸ்க்கைப் போட்டுப் பார்ப்போம்’ என்ற எண்ணத்தை இங்கே அடக்கிக்கொள்ளுங்கள்.

டிஸ்க் சீராகச் சுழல்கிறது, ஆனாலும் கருவிக்குத் தெரியவில்லை என்றால் நல்ல செய்திக்கு இடமுண்டு. பவரைத் துண்டித்துவிட்டு, டிஸ்க்கை இணைக்கும் தட்டையான ரிப்பன் கேபிளின் இரு முனைகளையும் கழற்றி மீண்டும் அழுத்திச் செருகுங்கள். ஆண்டுக்கணக்கில் அசையாமல் இருந்த முனைகளில் படியும் மெல்லிய ஆக்சைடு இதிலேயே உரசிப் போய்விடும். ஐடிஇ, ஸ்கஸி இரண்டும் டிஸ்க்கைக் கருவியோடு இணைக்கும் பழைய முறைகள். 2.5 அங்குல ஐடிஇ டிஸ்க்கின் 44 பின்களுக்குப் பக்கத்தில் ஜம்பருக்கான 4 பின்கள் தனியாக இருக்கும். கேபிளை ஒரு வரிசை தள்ளிச் செருகிவிடுவது மிக எளிது. டார்ச் வெளிச்சத்தில் பார்த்துச் செருகுங்கள். கேபிளின் சிவப்புக் கோடு முதல் பின்னைக் குறிக்கும். ஸ்கஸி டிரைவ் என்றால் ஐடி எண் இரண்டு கருவிகளுக்கு ஒன்றாக இருக்கிறதா என்றும், அடுத்தடுத்து இணைந்த கருவிச் சங்கிலியின் இரு முனைகளிலும் டெர்மினேட்டர் (இணைப்பை முடித்துவைக்கும் பாகம்) இருக்கிறதா என்றும் பாருங்கள்.

அதற்கும் சரியாகவில்லை என்றால் டிஸ்க்கைக் கழற்றி, யுஎஸ்பி மாற்றி வழியே கணினியில் இணைத்து முழு பிம்பம், அதாவது டிஸ்க்கில் உள்ள அனைத்தின் அச்சுப் பிரதியை, ஒரே கோப்பாக எடுங்கள். ரெக்கார்டரின் கோப்பு அமைப்பு பெரும்பாலும் அந்த நிறுவனத்துக்கே உரியது. விண்டோஸ் அதைப் பார்த்ததும் ‘ஃபார்மட் செய்ய வேண்டும்’ என்று சொல்லும். இங்கும் பதில் ‘இல்லை’. லினக்ஸில் இயங்கும் ஜிஎன்யு டிடிரெஸ்க்யூ இந்த வேலைக்கு ஏற்றது. எளிதில் படிக்கக்கூடிய பகுதிகளை முதலில் அள்ளிக்கொண்டு, முரண்டு பிடிக்கும் செக்டர்களுக்குப் பிறகே திரும்பி வரும். நலிந்த டிஸ்க்குக்கு இந்த ஒழுங்குதான் உயிர். கோப்பு அமைப்பு என்னவென்று அதற்குத் தெரிய வேண்டியதே இல்லை.

பிம்பத்தை எழுத மாற்று டிஸ்க் தேடும்போது கொள்ளளவில் பேராசை வேண்டாம். பழைய ஐடிஇ முறையில் செக்டர் முகவரிக்கு 28 பிட்தான். அதாவது சுமார் 137 ஜிகாபைட்டுக்கு மேல் எந்தக் கருவியும் எட்டாது. பல ரெக்கார்டர்களின் எல்லை அதற்கும் வெகு கீழே. கையேட்டில் சொன்ன அளவுக்குள் இருங்கள். காம்பேக்ட் ஃபிளாஷ் கார்டை ஐடிஇ மாற்றியில் பொருத்துவது எனக்குப் பிடித்த தீர்வு. அந்தக் கார்டு பிறவியிலேயே ஐடிஇ மொழி பேசும். சுழலும் பாகம் இல்லை, சூடும் இல்லை, மைக்கில் விழும் விசிறல் சத்தமும் குறைகிறது. தன்னை நிலையான டிஸ்க் என்று அறிவிக்கும் தொழில்துறை ரகம் கிடைத்தால் நல்லது. சாதாரண ரகங்களைச் சில கருவிகள் ஏற்க மறுக்கின்றன. ஸ்கஸி கருவிகளுக்கு ஸூலூஸ்கஸி, ப்ளூஸ்கஸி போன்ற பலகைகள் எஸ்டி கார்டையே டிஸ்க்காகக் காட்டிவிடும்.

மெமரி கார்டில் பதியும் கருவியில் கார்டு தெரியவில்லை என்றால் கொள்ளளவைப் பாருங்கள். பழைய எஸ்டி தரம் 2 ஜிகாபைட்டோடு முடிகிறது. 4 முதல் 32 வரை உள்ளது எஸ்டிஹெச்சி. வெளியே பார்க்க இரண்டும் ஒன்றுதான், உள்ளே வேறு. காலியான புதுக் கார்டைக் கணினியில் ஃபார்மட் செய்யாமல் கருவியிலேயே செய்யுங்கள்.

அறிகுறி: பதிவு பாதியில் நிற்கிறது, ‘டிரைவ் பிஸி’ என்கிறது

16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸில் ஒரு ட்ராக்குக்கு நிமிடத்துக்குச் சுமார் 5.3 மெகாபைட். 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸானால் சுமார் 8.6. எட்டு ட்ராக்கைச் சேர்த்தாலும் இது டிஸ்க்குக்குப் பெரிய வேகம் அன்று. சிக்கல் சிதறலில் இருக்கிறது. இந்தக் கருவிகள் பழைய டேக்குகளை (முன்பு பதிந்த முயற்சிகளை) அழிப்பதில்லை. ஒரு வரியை மட்டும் மீண்டும் மீண்டும் பஞ்ச் இன் செய்து (இடையில் புகுந்து பதிந்து) திருத்தினால் ஒவ்வொரு திருத்தமும் டிஸ்க்கின் வேறு மூலையில் போய் உட்காரும். வாசிக்கும்போது ஹெட் அத்தனை மூலைகளுக்கும் ஓட வேண்டும்.

சோதனை எளிது. புதிய பாட்டு ஒன்றைத் திறந்து, எத்தனை ட்ராக் முடியுமோ அத்தனையும் ஒரே நேரத்தில் சில நிமிடம் பதியுங்கள். அது தடங்கலின்றி ஓடினால் டிஸ்க் நலம், பழைய பாட்டுதான் சிதறியிருக்கிறது. அந்தப் பாட்டை டிஸ்க்கின் வேறு பார்ட்டிஷனுக்கு (பிரிவுக்கு) நகலெடுங்கள். நகல் எழுதப்படும்போதே துண்டுகள் வரிசைக்கு வந்துவிடும். பிறகு நகலில் மட்டும் ‘ஆப்டிமைஸ்’ கட்டளையைக் கொடுங்கள். அது பழைய டேக்குகளைத் துடைத்துவிடும், அதன் பிறகு அன்டூ கிடையாது. அதனால்தான் நகலில் செய்யச் சொல்கிறேன். புதிய பாட்டிலும் தடுக்கினால் டிஸ்க் நலிந்துவருகிறது. முந்தைய பகுதிக்குத் திரும்பிப் பிம்பம் எடுங்கள்.

அறிகுறி: ‘டிக் டிக்’ என்று சொடுக்கு, அல்லது சுருதி மாறி ஒலிக்கிறது

இந்தப் புகாரில் மின்தேக்கியை மாற்றுவதற்கு முன், கருவியைத் திறப்பதற்கும் முன், கிளாக்கைப் பாருங்கள். வீட்டு ஸ்டுடியோவில் டிஜிட்டல் சொடுக்கின் முதல் காரணம் இதுதான்.

சொடுக்கு கேட்கும் இடத்தை மூன்று முறை ஓட்டிக் கேளுங்கள். ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் விழுந்தால் அது ட்ராக்கிலேயே பதிந்துவிட்டது. பழுது, பதிந்த அன்றைய இணைப்பில். இடம் மாறி மாறி விழுந்தால் பழுது இப்போது, வாசிப்பில் இருக்கிறது. இந்த ஒரு சோதனை தேடலைப் பாதியாகக் குறைக்கும்.

டிஜிட்டல் கேபிளால் இணைந்த இரண்டு கருவிகளும் தத்தம் உள் கிளாக்கில் ஓடினால், இரண்டும் 48 கிலோஹெர்ட்ஸ் என்று காட்டினாலும் நுணுக்கமாக ஒன்றாக இருக்காது. பத்து லட்சத்தில் பத்துப் பங்கு வேறுபட்டாலே, ஏறக்குறைய இரண்டு நொடிக்கு ஒரு சாம்பிள் வழுக்கும். சீரான இடைவெளியில் விழும் சொடுக்கு இதன் கையெழுத்து. தலைமை கிளாக் ஒன்றே இருக்க வேண்டும், மற்ற அனைத்தும் அதைப் பின்பற்ற வேண்டும். உறுதி செய்ய, எல்லா டிஜிட்டல் கேபிள்களையும் கழற்றி, ரெக்கார்டரை உள் கிளாக்குக்கு மாற்றி, ஹெட்போனில் கேளுங்கள். சொடுக்கு நின்றுவிட்டால் கருவியில் குறையில்லை.

சுருதி ஒன்றரை அரைச்சுருதி அளவுக்கு ஏறி, 4 நிமிடப் பாட்டு சுமார் 3 நிமிடம் 40 நொடியில் முடிந்தால், 44.1இல் பதிந்தது 48இல் ஓடுகிறது. சற்றே மட்டும் விலகியிருந்தால் ஓடும் வேகத்தையும் சுருதியையும் மாற்றும் வேரிபிட்சை யாரோ தொட்டிருக்கிறார்கள். கருவி வெளி கிளாக்கை எதிர்பார்த்துக்கொண்டிருக்க, அந்த வெளிக் கருவி அணைந்திருந்தால், பாட்டு ஓடாமலே நிற்கவும் கூடும். பலர் இதைப் பெரிய பழுதாக நினைத்துப் பயந்துவிடுகிறார்கள்.

ஒளியிழைக் கேபிளில் இன்னொரு குழப்பம் உண்டு. எஸ்பிடிஐஎஃப் இரண்டு சேனல்களையும், அடாட் ஒளி இணைப்பு எட்டு சேனல்களையும் கொண்டுவரும். முனை இரண்டுக்கும் ஒன்றே. ஒரு பக்கம் ஒன்றாகவும் மறுபக்கம் மற்றொன்றாகவும் அமைத்திருந்தால் அமைதியோ, காதைக் கிழிக்கும் இரைச்சலோதான் வரும். முதல் முறை இணைக்கும்போது ஸ்பீக்கர் ஒலியைக் குறைத்து வையுங்கள்.

அறிகுறி: மீட்டர் ஆடுகிறது, ஒலி வரவில்லை

பழுது அன்று, பாதை தவறியிருக்கிறது. வேறு ஏதோ ட்ராக்கில் சோலோ அழுத்தியிருக்கிறதா, சேனல் உள்ளீட்டைக் காட்டுகிறதா ட்ராக்கைக் காட்டுகிறதா, அதே ட்ராக்கின் மாற்றுப் பதிவான வேறு விர்ச்சுவல் ட்ராக் தேர்வாகியிருக்கிறதா, சேனல் மாஸ்டருக்குப் போகிறதா என்று பாருங்கள். சிறிய திரையில் இவை நான்கு பக்கங்களில் ஒளிந்திருக்கும். காலியான புதுப் பாட்டைத் திறந்து அதில் ஒலி வருகிறதா என்று பார்ப்பது எல்லாவற்றையும்விட விரைவு.

அறிகுறி: உறுமல், கரகரப்பு, ஒரு சேனல் மட்டும் மந்தம்

எல்லாக் கேபிள்களையும் கழற்றிவிட்டு ஹெட்போனை மட்டும் செருகுங்கள். உறுமல் மறைந்தால் அது இணைப்புகளின் எர்த் கம்பிகள் வளையமாகிவிடுவதால் உண்டான தரைச் சுற்று. கேபிள்களை ஒவ்வொன்றாகத் திரும்பச் செருகினால் எது என்று தெரிந்துவிடும். பேலன்ஸ்டு கேபிளோ டிரான்ஸ்ஃபார்மர் உள்ள டிஐ பெட்டியோ அதைத் தீர்க்கும். பிளக்கின் எர்த் பின்னை நீக்கிச் சத்தத்தைக் குறைக்கும் பழக்கம் உயிருக்கு ஆபத்து. ஹெட்போனிலும் உறுமல் தொடர்ந்தால் பவர் சப்ளை மின்தேக்கிகளுக்குத் திரும்புங்கள். உறுமலுக்குப் பதிலாகக் கொசு ரீங்காரம் போன்ற மெல்லிய ஊளை கேட்டால், திரையின் பின்னொளியை அணைக்க முடியுமானால் அணைத்துப் பாருங்கள். பழைய பின்னொளிகளுக்கு உயர் மின்னழுத்தம் தரும் சிறு சுற்று ஒன்று உண்டு, ஊளை அங்கிருந்து வரலாம்.

ஒரு சேனல் மட்டும் கெட்டிருந்தால் குறுக்கே மாற்றிப் பாருங்கள். முதலில் கேபிள், பிறகு மைக், பிறகு உள்ளீடு. பழுது எதனுடன் நகர்கிறதோ அதுவே குற்றவாளி. வெளி எஃபெக்ட் கருவியை இடையில் இணைப்பதற்கான இன்ஸர்ட் ஜாக் உள்ள சேனலில் ஒலி வந்து வந்து போனால், அந்த ஜாக்கினுள் உள்ள ஸ்விட்ச் தகடு ஆக்சைடு பிடித்திருக்கும். வெறும் பிளக்கைப் பல முறை செருகி எடுத்தாலே பெரும்பாலும் தெளியும். கண்டென்சர் மைக் மட்டும் மங்கலாகக் கேட்டால் கேபிள் வழியே மைக்குக்குப் போகும் பேண்டம் மின்னழுத்தத்தை, மைக் முனையின் 1ஆம் பின்னுக்கும் 2ஆம் பின்னுக்கும் இடையிலும், பிறகு 1க்கும் 3க்கும் இடையிலும் அளந்து பாருங்கள். மைக் இல்லாத நிலையில் 44 முதல் 52 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும்.

வெளி மிக்சரிலிருந்து வரும் ஒலி எப்போதும் உடைந்தோ எப்போதும் மெலிந்தோ இருந்தால் அளவுத் தரம் பொருந்தவில்லை. ஸ்டுடியோக் கருவிகளின் +4 டிபியு தரத்துக்கும் வீட்டுக் கருவிகளின் -10 டிபிவி தரத்துக்கும் ஏறக்குறைய 12 டெசிபல் இடைவெளி.

அறிகுறி: பட்டன், ஃபேடர், குமிழ் தொல்லை

பட்டனை நான்கு முறை அழுத்தினால்தான் கேட்கிறது என்றால் அடியிலுள்ள சிறு ஸ்விட்ச் தேய்ந்திருக்கிறது. விலை குறைந்த பாகம், மாற்றிவிடுங்கள். ஃபேடரைத் தொடாமலே திரையில் எண் துடித்தால் அதன் தடம் அழுக்கு. மின் தொடர்புகளைத் துடைப்பதற்கென்றே செய்த கிளீனரை மட்டும் பயன்படுத்துங்கள். துரு நீக்கும் எண்ணெய்கள் பிசுக்காகித் தூசியைப் பிடிக்கும்.

அறிகுறி: தேதியும் அமைப்புகளும் மறந்துபோகின்றன

உள்ளே ஒரு 3 வோல்ட் லித்தியம் பேட்டரி தீர்ந்துவிட்டது. சிஆர்2032 ரகம் பொதுவானது, சிலவற்றில் பலகையோடு சால்டர் செய்திருப்பார்கள். எடுத்தவுடன் அமைப்புகள் போய்விடும், எனவே எம்ஐடிஐ, கிளாக், ரூட்டிங் பக்கங்களை முன்னதாகப் புகைப்படம் எடுத்துக்கொள்ளுங்கள். மாற்றிய பிறகு சில கருவிகள் தொழிற்சாலை நிலைக்கு மீட்டமைக்கக் கேட்கும். அது வேறு, டிஸ்க்கை ஃபார்மட் செய்வது வேறு. திரையில் உள்ள சொற்களை இருமுறை படித்த பிறகே அழுத்துங்கள்.

அறிகுறி: டேப் கருவி பிழை எண் காட்டுகிறது, டேப்பைத் துப்புகிறது

1992இல் சந்தைக்கு வந்த அலெசிஸ் அடாட் எஸ்-விஹெச்எஸ் டேப்பிலும், 1993இல் வந்த டாஸ்கம் டிஏ-88 ஹை-8 டேப்பிலும் எட்டு ட்ராக் பதிந்தன. இரண்டுமே வீடியோ கருவியின் சுழலும் ஹெட்டை நம்பியவை. குளிர்ந்த இடத்திலிருந்து கொண்டுவந்த கருவியையும் டேப்பையும் பல மணி நேரம் அறை வெப்பத்துக்கு விடுங்கள். உருளையில் ஈரம் படிந்தால் டேப் ஒட்டிக்கொள்ளும். ஹெட்டைத் துடைக்க ஷாமுவாத் தோல் குச்சியும் தூய ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலும் வேண்டும். பஞ்சுக் குச்சியின் இழை ஹெட்டில் மாட்டி அதை உடைத்துவிடும். குச்சியை அசைக்காமல் பிடித்து, உருளையைக் கையால் மெல்லச் சுழற்றுங்கள். மேலும் கீழுமாகத் தேய்க்கவே கூடாது. அடாட்டின் ரப்பர்ச் சக்கரம் இறுகிப்போனால் டேப் முன்பின் ஓடத் திணறும், அதை மாற்றித்தான் ஆக வேண்டும்.

ஒருமுறை நன்றாக ஓடியதும் அந்த ஓட்டத்திலேயே எட்டு ட்ராக்கையும் கணினிக்கு மாற்றிவிடுங்கள். அடாட்டுக்கு ஒளி இணைப்பு, டிஏ-88க்கு டிடிஐஎஃப் என்ற 25 பின் டிஜிட்டல் இணைப்பு. இரண்டாவது ஓட்டம் கிடைக்கும் என்று ஒத்திப்போடாதீர்கள்.

அறிகுறி: பழைய பேக்அப் சிடியைக் கருவி படிக்க மறுக்கிறது

மென்மையான துணியால் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேர்க்கோட்டில் துடையுங்கள், வட்டமாக வேண்டாம். அதற்கும் படிக்காவிட்டால், பழுது பெரும்பாலும் கருவியின் வயதான சிடி டிரைவில்தான். கணினியில் வேறு வேறு டிரைவ்களில் போட்டுப் பாருங்கள். ஒன்று படிக்காததை மற்றொன்று படிப்பது சாதாரணம். கோப்புகளைக் கணினியால் திறக்க முடியாது என்பதைப் பார்த்து மனம் தளர வேண்டாம், இப்போதைக்குப் பிம்பம் கிடைத்தால் போதும். அதைப் புதிய சிடியில் குறைந்த வேகத்தில் எழுதி, ஒவ்வொரு சிடியின் வரிசை எண்ணையும் மறக்காமல் குறித்து, கருவியில் மீட்டெடுக்கும்போது அதே வரிசையில் கொடுங்கள். பல சிடிகளில் பரவிய பேக்அப்பில் நடுவில் ஒன்று விட்டுப்போனாலும் அந்தப் பாட்டு திறக்காமல் போகலாம்.